ஏழாவது பீப்பாய்

தக்கையைப் பிடுங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புளிப்பு நெடி மூக்கில் ஏறியது.

வெறும் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

கிடங்கு வாசலில், நாற்காலியில், அவள் கணவன் காத்திருந்தான். ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் வரமாட்டேன் என்றுவிட்டான். முதலில் ஏழாவது பீப்பாய். பிறகுதான் கட்டில்.

ஆறு பீப்பாய் ஒயின் கடைகளுக்குப் போகும். ஏழாவது அவனுடையது. அவன் தாத்தா நட்ட கொடிகளின் பழத்தை மட்டும் பிழிந்து ஊற்றியது. மூன்று வருஷமாக ஒரு டம்ளர்கூடப் பிடிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

பீப்பாயின் மரம் ஒயினைக் குடிக்கும். அது குடித்த அளவை ஒவ்வொரு சனிக்கிழமையும் விளிம்புவரை ஊற்றி நிரப்ப வேண்டும். விட்டால் உள்ளே காற்று தங்கும். காற்று தங்கினால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும்.

ஏழாவதில் மட்டும் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். ஒருமுறை தம்பி சிலுவை நிரப்பிவிட்டான் என்று இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அவள் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தாள். சனிக்கிழமைகள் வந்துபோனதே தெரியவில்லை.

சுவரோரம் நின்ற கொழுந்தன் சிலுவையைப் பார்த்தாள்.

"ஆறையும் வாரம் தவறாம நெரப்பிட்டேன் மதினி," என்று முணுமுணுத்தான். "அதை எப்படித் தொடுவேன்? அண்ணன் உயிரோட இருக்கும்போதே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆறாவதுல புடிச்சுக் குடுத்துருங்க. இப்ப அவருக்கு ருசி எங்க தெரியப்போகுது?"

அதே நிறம்தான். டம்ளரை ஆறாவதின் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

நாற்பது நாளாக அவனிடம் சிரித்துக்கொண்டே இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ரிப்போர்ட் நல்லா இருக்காம். கட்டி கரையுதாம். வீட்டுல போய் தேறிக்கிட்டாப் போதுமாம்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. இனி செய்ய ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள். அதையே அவர் எழுதிக் கொடுத்த தாள் அவள் பைக்குள், ஜெபமாலைக்கு அடியில், நாலாக மடிந்து கிடந்தது.

சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

இன்னும் ஒரு பொய்க்கு உடம்பில் தெம்பில்லை.

திரும்பினாள். ஏழாவதில் பிடித்தாள்.

அவன் டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். நாவல்பழ நிறம். கண் மின்னியது. மூக்கருகே கொண்டுபோனான்.

கை நின்றது.

டம்ளர் பறக்கப்போகிறது என்று அவள் ஓரடி விலகினாள்.

குடித்தான். நிதானமாக, ஒரு வாய். முகம் சுளிக்கவில்லை. மிச்சத்தைக் காலடி மண்ணில் ஊற்றினான். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

"சிலுவைய ஏசாத. தொடாதன்னு சொன்னவன் நான்தான்."

சிலுவை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

தோட்டத்தில் யாரோ கிளி விரட்டும் சத்தம் கேட்டது. நாற்காலியில் இருந்தபடியே அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ ஆறாவதுல புடிச்சுட்டு வந்து சிரிப்பன்னு நெனச்சேன்," என்றான். "நீ சிரிக்கல."

அவள் வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னதையும் இதே மாதிரி குடுத்துரு."

பையை எடுத்து வந்தாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஜிப்பைத் திறந்தாள்.

முதலில், தாளுக்கு மேலே கிடந்த ஜெபமாலையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.