தகப்பனார் பெயர்

"இந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

தலைமை ஆசிரியையான சிஸ்டர், அச்சுப்படியைச் சரித்திரம் டீச்சர் பக்கம் தள்ளினார். பள்ளியின் எழுபதாம் ஆண்டு மலர் அது. நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மணி மூன்றரை.

"எந்தப் படம் சிஸ்டர்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதினாலாம் பக்கம்."

மலரை எழுதியவர் டீச்சர்தான். பள்ளி மூன்று இடம் மாறிய கதையை, சொந்த வீடு மாறியதைப் போல எழுதியிருந்தார். ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே தொடங்கியது. வெள்ளத்தில் கிடங்கு பாழானதும் தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குப் போனது. பிறகு மேட்டில் இந்த இரண்டு மாடிக் கட்டடம். படகில் ஏற்றிய பெஞ்சு எத்தனை என்பதுவரை கணக்கு இருந்தது. பள்ளிக்கு வந்து ஆறே மாதமான சிஸ்டர், படிக்கும்போது இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினாலாம் பக்கத்தில்தான் திக்கென்றது.

கொட்டகைக் காலத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் படம். ஒரு வரியில் பிள்ளையின் பெயரைக் கரையான் அரித்திருந்தது. பக்கத்தில் 'தகப்பனார் பெயர்' என்ற இடத்தில், பள்ளியை நிறுவிய தாடி ஃபாதரின் பெயர், அவருடைய கையெழுத்திலேயே! கரையானுக்குத்தான் என்ன புத்தி, பிள்ளையின் பெயரைத் தின்றுவிட்டு வம்பை விட்டு வைத்திருந்தது.

"ஒரு சாமியார், பிள்ளைக்குத் தகப்பன் நான்தான்னு எழுதி வச்சிருக்கார். அதை நாமளே அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கணுமா? வெறும் வாயை மெல்றவங்களுக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடும்!"

"எழுதினவரே பயப்படல சிஸ்டர்."

"அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துட்டார். அவர் சிலைக்கு மாலை போடறவங்க நாம. அவர் பேர் கெட்டா என்னால தாங்க முடியாது டீச்சர்."

"என்னாலயும்தான்" என்றார் டீச்சர்.

சிஸ்டருக்கு இந்த டீச்சரை ரொம்பப் பிடிக்கும். வந்த முதல் நாள், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று கூடவே நடந்து காட்டியவர். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

"சரி, அந்த வரியை மட்டும் மறைச்சிடலாமா?"

"கரையான் தின்னது போதாதா? மிச்சத்தை நாம தின்னணுமா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஃபாதரை விடுங்க. அந்தப் பையனை நினைச்சுப் பாருங்க. எங்கேயோ குடும்பம் குட்டின்னு கௌரவமா இருப்பான். இதைப் பார்த்தா கூனிக் குறுகிட மாட்டானா?"

டீச்சர் படத்தில் கரையான் அரித்த இடத்தை விரலால் தடவினார்.

"பையன் இல்ல சிஸ்டர், பொண்ணு. வெள்ளத்துக்குப் பயந்து வந்த ஜனமெல்லாம் கிடங்கு மாடியிலதான் தங்கிச்சு. தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் போயிட்டாங்க. கைக்குழந்தை ஒண்ணு மட்டும் மிச்சம். தேடிக்கிட்டு யாருமே வரல. படகுல பெஞ்சோட பெஞ்சா அதையும் ஏத்திட்டு வந்து ஃபாதர்தான் வளர்த்தார். பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ, 'தகப்பன் பேர் இல்லாம இனிஷியல் எப்படிப் போடறது?'ன்னு குமாஸ்தா கேட்டாராம். ஃபாதர் பேனாவைப் பிடுங்கித் தானே எழுதிட்டார்."

சிஸ்டரின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. உடனே இன்னொரு கவலை ஏறியது.

"அடடா, இதை அல்லவா முதல் பக்கத்துல போடணும்! ஆனா அந்தப் பொண்ணோட சம்மதம் வேணுமே டீச்சர்? அவளை இப்போ எங்கே போய்த் தேடறது?"

டீச்சர் பேனாவை எடுத்தார். படத்துக்குக் கீழே பொறுமையாகக் கையெழுத்துப் போட்டு, அச்சுப்படியைச் சிஸ்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தாங்க சம்மதம். பேருக்கு முன்னால இருக்கிற எழுத்து, அவரோடதுதான் சிஸ்டர்."