பதினாலுக்குப் பதினாலு

டிவி பதினாலுக்குப் பதினாலு என்று காட்டியது. இன்னும் ஒரு பந்தை யார் விட்டாலும் ஆட்டம் முடிந்தது.

முடிந்தால் ரெனே எழுந்து போய்விடுவார். தெருமுனைக்கு அல்ல, பிரான்சுக்கு.

செல்லையன் டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதன் தலையில் ஒரு திருகு. அதைத் திருகினால் திரையின் இடது ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கோடு ஏறி இறங்கும். அது அவருடைய மட்டை. வலது ஓரத்துக் கோடு ரெனேயின் மட்டை. நடுவில் ஓடும் புள்ளிதான் பந்து. அவ்வளவுதான் விளையாட்டு.

"மெட்ராசு காரு மூணு மணிக்கு வந்துரும்டா. அதுக்குள்ள முடிச்சிடுவோம்."

முதுகுக்குப் பின்னாலிருந்து ரெனே சொன்னார். எட்டத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்குத் திரை தெளிவாகத் தெரியும். எட்டு வருடமாக அவர் இடம் பாயின் பின்கோடிதான், வாசற்கதவை ஒட்டி.

முடிப்பதற்கா செல்லையன் ரெனே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்?

எழுபத்தெட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடு சொந்த ஊரான தலத்தெருவுக்குத் திரும்பியபோது ரெனே தூக்கிவந்தவை இந்த டிவியும் விளையாட்டும். பிற்பாடு தெருவில் ஆளாளுக்கு ஆண்டெனாக் கம்பம் நட்டு இலங்கை நிகழ்ச்சி பார்த்தார்கள். ரெனேயும் நட்டார். அப்போதுதான் பிரான்சு டிவி இந்தப் பக்கத்து ஒளிபரப்புக்கு மசியாது என்று தெரிந்தது. தெருவே சிரித்தது. செல்லையனுக்கு மட்டும் உள்ளூரக் கொண்டாட்டம். படம் வராத டிவிக்கு விளையாட்டை விட்டால் வேறு வேலை கிடையாதே.

ரெனேயின் மகன் அங்கிருந்து புதுசு புதுசாக அனுப்பிப் பார்த்தான். ஒன்றில் வானத்திலிருந்து வரும் கப்பல்களைச் சுட வேண்டும். இன்னொன்று உள்ளங்கை அகலப் பெட்டி, ஒரே ஆள் குனிந்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க வேண்டும். செல்லையன் இரண்டையும் ஒரே நாளில் தள்ளுபடி செய்தார். தோற்றால் எதிராளியின் மூஞ்சி சுருங்க வேண்டும். ஜெயித்தால் அவன் மீசையை முறுக்க வேண்டும். மூஞ்சியே இல்லாத ஒன்றை ஜெயித்து ஆவதென்ன? தனியாக உட்கார்ந்திருக்க ஒரு பெட்டி எதற்கு, அதற்குத்தான் அவருக்கு வீடு இருக்கிறதே. அங்கே சமைப்பதும் அவர்தான், சாப்பிடுவதும் அவர்தான்.

பந்து வந்தது.

வேறு நாளாக இருந்தால் மட்டையின் நுனியால் வெட்டி மூலைக்கு அனுப்பியிருப்பார். இன்று நடு மட்டையில் வாங்கி, ரெனேயின் மட்டை எங்கே நின்றதோ அங்கேயே அனுப்பினார். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார்.

பத்து. இருபது. அப்புறம் எண்ணவில்லை.

ரெனேயின் மனைவி ரோசலி இறந்த பிறகு மகன் பிடிவாதமாகக் கூப்பிட்டான், ரெனே சரி என்றுவிட்டார். கூடவே போக செல்லையனுக்கு வழியில்லை. அறுபத்திரண்டில் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றபோது இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். வரிசை நீளம், வெயில் வேறு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்லையன் திரும்பிவிட்டார். அந்த நாளை வரவே இல்லை. இப்போது நினைக்கையில் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பந்து செக்குமாடாகிவிட்டது. எப்போதாவது இப்படி ஆகும். சுவரில் பட்டு, மட்டையில் பட்டு, ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் திருகைத் தொட வேண்டியதில்லை. ரெனேவுக்கு இது அறவே பிடிக்காது. ஒரு பாயிண்ட் போனாலும் போகட்டும் என்று மட்டையை நகர்த்தித் தடத்தைக் கலைத்துவிடுவார்.

இன்று கலைக்கவில்லை.

செல்லையன் அதைக் கவனித்தார். அவனுக்கும் முடிக்க மனசில்லை.

பந்து ஓடும்போது ரெனே எழுந்ததே கிடையாது. ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுகூடப் பந்து விழுந்த பிறகுதான் போனார். ஆகவே பந்து ஓடுகிறவரை ரெனே இருப்பார். செல்லையன் அப்படித்தான் நம்பினார்.

வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன் ஒருமுறை அடித்தது.

செல்லையன் காது கேளாதவர் போல் இருந்தார். பின்னாலும் சத்தமில்லை. அவனும் கேளாதவன் போல்தான் இருக்கிறான் என்று நினைத்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

சற்றுப் பொறுத்து ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். கார் கிளம்பியது. தெருக்கோடிவரை கேட்டு, பிறகு ஓய்ந்தது.

"வேற யாரு வூட்டுக்கோ வந்த காருடா" என்றார் செல்லையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார்.

பாயின் பின்கோடியில் ரெனேயின் டப்பா மட்டும் இருந்தது. திருகு அசையாதபடி பதமாகக் கீழே வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வீட்டுச் சாவி. கதவு ஒருக்களித்திருந்தது.

எப்போது வைத்தான்? ஹாரனுக்கு முன்பா, பின்பா? எத்தனை பந்தைத் தனியாக அடித்துக்கொண்டிருந்தோம்? போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லியிருந்தால் போகவிட்டிருக்க மாட்டோம் என்றும் தெரிந்தது.

வலது பக்கத்திலிருந்து பந்து வந்துகொண்டே இருந்தது. திருகை இம்மியளவு திருப்பினால் போதும், பந்து மூலைக்குப் போகும், அந்த மட்டை நகராது. எட்டு வருடத்தில் இவ்வளவு சுலபமான வெற்றி அவருக்குக் கிடைத்ததில்லை.

செல்லையன் கையை அசைக்கவில்லை.