தேய்ந்த தாடை

தாடை வலிக்கிறது என்று சொல்லிக் காளிதாஸ் நைட் ஷிப்ட் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மனைவி பிரேமலா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், சில நாட்களில் அவனுக்கே சந்தேகம்தான். அதனால்தான் இருவரும் ஸ்கூடாய் ஊரில் இருக்கும் இந்தப் பல் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள்.

டாக்டர் சுபத்ரா எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டார். "பாருங்க, தாடை மூட்டு நல்லாவே தேஞ்சிருக்கு."

"அலமாக்!" என்று அதிர்ந்தாள் பிரேமலா.

காளிதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா? சோம்பேறின்னு சொன்னியே! இந்த மூட்டை வச்சிக்கிட்டு யாராச்சும் வேலைக்குப் போவாங்களா?"

பிரேமலாவுக்குக் கண் கலங்கியது. "மன்னிச்சிருங்க."

"கொஞ்சம் இருங்க, மிஸ்டர் காளிதாஸ்," என்றார் டாக்டர். "இது கடைவாய்ப் பல்லுக்காக உங்க மனைவிக்கு எடுத்த படம். உங்க படத்துல ஒண்ணுமே இல்ல."

"எனக்குத் தாடை வலியே இல்லையே டாக்டர்!" என்றாள் பிரேமலா.

"சிலருக்கு அப்படித்தான்மா. இதுல எலும்புதான் தெரியும், நடுவுல இருக்கிற ஜவ்வு தெரியாது. படம் சுத்தமா இருந்தாலும் அவருக்கு நெசமாவே வலிக்கலாம்."

காளிதாஸ் நன்றியோடு டாக்டரைப் பார்த்தான். பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள்.

"தேஞ்ச மூட்டோட நானே நாளைக்கும் வேலைக்குப் போறேன். நீங்களும் திரும்ப வர்றீங்கன்னு சொல்லணும், உங்க சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லுங்க."