ஒற்றை மைக்

"எங்கட பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள்!"

வசீகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொன்றியல் நகர மத்தியில் ஒரு பெரிய ஹோட்டல். கனடா முழுவதிலுமிருந்து இசை விழா நடத்துகிறவர்கள் கூடும் மாநாடு. உள்ளூர்ப் புளூகிராஸ் சங்கமும் தன் குழுவோடு வந்திருந்தது. பான்ஜோ, மாண்டலின், கிட்டார், வயலின் எல்லாம் போட்டி போட்டு ஓடுகிற இசை அது. வயலின், வசீகரனின் மகள் ஆர்த்திகா. குழுவில் ஒரேயொரு தமிழ்ப்பிள்ளை.

இன்று நாலு பேருக்குப் பிடித்துப்போனால் கோடை முழுக்க மேடைதான். தமிழ் மன்றத் தலைவர் வசீகரன் டோர்வல் விமான நிலைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஒத்திகையையே ஸ்காபரோத் தங்கைக்கு ஃபோனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிள்ளையைக் காணேல்லையே?" என்றாள் தங்கை.

காணத்தான் இல்லை. மேடையில் ஒரே ஒரு மைக். வெள்ளைக்காரர் எல்லாரும் அதைச் சுற்றி மொய்த்து நிற்க, ஆர்த்திகா பின்னால், திரைச்சீலையோடு திரைச்சீலையாக நின்றாள்.

பாட்டு முடியும்வரை கூடப் பொறுக்கவில்லை. ஃபோனை அணைத்துவிட்டு மேடையிலேயே ஏறிவிட்டார் மனுசன்.

"நிறம் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவீர்களோ?" என்று ஆங்கிலத்தில் வெடித்தார்.

குழுத் தலைவர் மார்ட்டின் வெலவெலத்துப் போனார். "ஐயோ, அப்படியில்லை. இருப்பது ஒரு மைக். வயலினுக்குச் சத்தம் கூட. அதுதான் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள்."

"சத்தம் கூடவாம்!" வசீகரன் தமிழுக்குத் தாவினார். "வெளிக்கிடு பிள்ளை, வீட்டை போவம். இவையின்ர சங்கமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்தில நிகழ்ச்சி. என்ர முறை வரேக்கை நான் மைக்குக்கு வருவன், மற்றவை விலகி இடம் விடுவினம். இந்தப் பாட்டு வாசிக்கிற முறையே அதுதான்."

"உனக்கு உலகம் தெரியாது. ஒருத்தரைத் தள்ளி வைக்க நினைச்சா இப்பிடித்தான் சாட்டுச் சொல்லுறது. எனக்குத் தெரியாதே?"

ஆர்த்திகாவின் கையிலிருந்த வில் மெல்லக் கீழே இறங்கியது. மகளின் முகத்தில் இப்படி ஒரு அதிர்ச்சியை வசீகரன் கண்டதேயில்லை.

"அப்பா... உங்கட மன்றத்தின்ர போன பொங்கல் விழாவுக்கு ஜெறோம் அண்ணையாக்கள் பறை கொண்டு வந்தவை."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"உள்ளுக்குத் தவில் முழங்கிக்கொண்டிருந்தது. அவையை மட்டும் வெளியில, கார் பார்க்கில, அந்தப் பனிக்குள்ள நிண்டு அடிக்கச் சொன்னனீங்கள். ஏனெண்டு நான் கேட்டனான்."

என்ன பதில் சொன்னோம் என்பது வசீகரனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"'சத்தம் கூட, பிள்ளை' எண்டு சொன்னனீங்கள்."

அவள் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"நான் அதை நம்பினனான், அப்பா."