இருபது பொட்டு

லேப் சிஸ்டர் ஜஹானாரா கார்குழலியின் காது மடலைப் பஞ்சால் துடைத்தாள். ஊசியால் ஒரே குத்து.

ஸ்டாப் வாட்சைத் தட்டிவிட்டாள். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வட்டமான வடிதாளைக் காதில் ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை, தொட்டதோடு சரி. தாளில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்தது அதற்குப் பக்கத்தில்.

"அஞ்சாறு நிமிஷத்துல நின்னுடும்மா. பொட்டு சின்னதாயினே வரும், பாரு," என்றாள் என்னிடம். லேபில் ஓர் இடத்தில் உட்காராமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

வந்தது என்னவோ பல் பிடுங்க. பல் டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன் கார்குழலியின் கையைப் பார்த்துவிட்டார். முழங்கைக்கு மேலே நீலம். அதற்குக் கீழே பச்சையாகிப்போன பழைய நீலம். பல்லைத் தொடவே இல்லை. ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறதென்று பார்த்து வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த நீலத்தைப் பற்றி அவர் என்னைக் கேட்டிருக்கலாம். எங்கள் பிளாக்கில் அதைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவர்கள் இல்லை.

முதலில் பார்த்ததே நான்தான். குழாயடியில், அவள் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது. "குடம் பட்டுச்சுக்கா," என்றாள். அவள் வீட்டுக்காரன் செங்குட்டுவன் பகலில் குடோனில் மூட்டை தூக்குகிறவன், சாயங்காலம் கிளப்பில் பாக்ஸிங் போடுகிறவன். குடம் பட்டதாம்! நான் எத்தனை குடம் பார்த்தவள்.

இரண்டு பேரிடம் சொன்னேன். சரி, நாலு பேர். மாடிப்படியில் எதிரே வந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அது திருவொற்றியூரில் இருக்கும் அவள் அண்ணன்களுக்கு எப்படிப் போனதோ, போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்து படிக்கட்டிலேயே வைத்து செங்குட்டுவனை அடித்தார்கள். மாவட்டத்தில் கோப்பை வாங்கியவன், ஒரு கையைத் தூக்கவில்லை. தப்பு செய்தவன் எப்படித் தூக்குவான் என்று நான்தான் எல்லாருக்கும் விளக்கினேன்.

"அவுரு என்னியத் தொட்டதே இல்லண்ணா!" என்று கார்குழலி குறுக்கே விழுந்து கத்தினாள்.

அடி வாங்குகிறவள் அப்படித்தான் கத்துவாள். அதையும் விளக்கினேன்.

இனி இந்தப் படி ஏறினால் கால் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கிளம்பியவன் புளியந்தோப்பில் அக்கா வீட்டில் கிடக்கிறான். இன்றோடு இருபத்திரண்டு நாள்.

கார்குழலி அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. இன்று காலை என் கதவைத் தட்டி, டாக்டரிடம் துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். அத்தனை வீடு இருக்க, என்னை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எட்டாவது பொட்டு. முதல் பொட்டின் அளவே இருந்தது.

"ஏன் சிஸ்டர், குடம் பட்டா இப்டி நீலமா ஆவுமா?" என்றேன், ஏதோ பொழுதுபோகாமல் கேட்கிறவள் மாதிரி.

ஜஹானாரா வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடமே வாணாம்மா. ரத்தத்த ஒறைய வெக்கிற பிளேட்லெட் கம்மியா இருந்தா, கொயந்த கையப் புட்சு இயுத்தாலே கன்னிப்பூடும்."

கார்குழலி என் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு. ஆறு நிமிஷம்.

நின்றுவிட வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். அவளுக்காக வேண்டினேன் என்று சொல்லிவிடலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். நின்றுவிட்டால் அவளுக்கு நோய் இல்லை. நோய் இல்லை என்றால் செங்குட்டுவன் அடித்தவன். அவன் போன பிறகு வந்த நீலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் அடித்தவன் என்றால் நான் பொய் சொன்னவள் இல்லை. ஒரு பெண் புருஷனிடம் அடி வாங்கியிருக்க வேண்டும் என்று லேப் ஸ்டூலில் உட்கார்ந்து சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினாறு. பொட்டு பெரிதாகியிருந்தது.

இருபதாவது பொட்டை ஒற்றிய பிறகு ஜஹானாரா வாட்சை நிறுத்தினாள். ரத்தம் நிற்கவில்லை. பஞ்சைக் காதில் வைத்து, என் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். "வுடாம அமுக்கிக்கோம்மா. இதுக்கு மேல டைம் பாக்க வாணாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

பஞ்சையும் மீறி என் விரலில் சூடாக ஈரம் பட்டது.

கார்குழலி பயந்த மாதிரித் தெரியவில்லை. அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஜஹானாரா குப்பையில் போடப் போனவள், ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தாள்.

அரை மணி நேரம் அழுத்திய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. கார்குழலி காதைத் தானே பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கீழே மளிகைக் கடை வாசலில் சிவப்பு ஒரு ரூபாய் போன். அவள் அங்கே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க அண்ணனுக்குப் போன் போட்டு நீயே சொல்லுக்கா. நான் சொன்னேன், நம்பல. நீ சொன்னா நம்புவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ரிசீவரை எடுத்தேன். நம்பர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

விரல் தானாகவே ஏழு எண்களையும் அழுத்தியது. போன தடவை போட்ட காசு என்னுடையது.