வாசல் எந்தப் பக்கம்?

"என் தேனீ ஒண்ணுகூட அவன் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது. அந்த மாதிரி பெட்டி இருந்தா காட்டுங்க."

தேனீப் பெட்டிக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷ வியாபாரத்தில் மரப்பெட்டி கேட்டு வந்திருக்கிறார்கள், தெர்மாகோல் பெட்டி கேட்டும் வந்திருக்கிறார்கள். ரோஷமுள்ள தேனீ கேட்டு யாரும் வந்ததில்லை.

"எவன் தோட்டம் சார்?"

"என் தம்பியோடது. பங்கு பிரிச்சாச்சு, நடுவுல வேலியும் போட்டாச்சு. பேச்சு வார்த்தை கிடையாது. நான் வாங்குற தேனீ அவன் ஆப்பிள் பூவுல போய் உட்கார்ந்து அவனுக்குக் காய் பிடிக்க வைக்குமா? நல்லா இருக்கே கதை!"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நமக்கென்ன வந்தது என்று கடைக்காரர் வியாபாரத்தில் இறங்கினார். இரண்டடுக்குப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இது தேன் எடுக்கிறவங்களுக்கு. உங்களுக்குக் காய் பிடிச்சா போதும், இல்லையா? அப்ப இந்த ஒத்தை அடுக்கு போதும். உள்ளே தேனீயோட புழு நிறைய இருக்கும். அதுக்கு ஊட்டுறதுக்கு மகரந்தம் வேணும்னு தேனீ பூ பூவா அலையும்."

"சரி, அப்புறம்?"

"நாலு பெட்டியை ஒரே பலகையில மாட்டித் தர்றோம். பெரிய தோட்டக்காரங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க. வண்டியில ஏத்த இறக்க சுலபம்."

வந்தவர் அந்தப் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது? ரெண்டு பெட்டிக்கு வாசல் இந்தப் பக்கம், ரெண்டுக்கு அந்தப் பக்கம்! பாதித் தேனீ அவனுக்கா? வேண்டவே வேண்டாம்."

"சார், வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் தேனீ..."

கடைக்காரரின் காலை எதுவோ நறுக்கென்று மிதித்தது. குனிந்து பார்த்தார். மனைவியின் செருப்பு.

"இவர் சொல்றதுதாங்க சரி" என்றாள் அவள். "தனித்தனிப் பெட்டியாவே குடுங்க. வேலியை ஒட்டி வரிசையா வெச்சு, வாசலை எங்க பக்கம் திருப்பிட்டா முடிஞ்சுது. முகம் எங்களுக்கு, முதுகு அவங்களுக்கு."

"அப்படிச் சொல்லு!" அவர் மேஜையைத் தட்டினார். "இந்த மூளை கடை வெச்சிருக்கிறவருக்கு இல்லையே! எத்தனை பெட்டி வேணும்?"

"உங்க மரத்துக்கு ஆறு தாராளம்" என்றார் கடைக்காரர், காலைத் தள்ளி வைத்துக்கொண்டு.

"எட்டா குடுங்க" என்றாள் அவள்.

"எட்டு எதுக்கு?"

"ஆறுல ரெண்டு சோம்பேறியா அமைஞ்சுட்டா என்னங்க பண்றது?"

"சரி, எட்டே இருக்கட்டும்" என்ற கணவர், வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? தேனீக்கு வேலி தெரியுமா? ஓரத்துல வெச்சா பாதிக்குப் பாதி அந்தப் பக்கம்தான் போகும்."

"போகட்டும்னுதானே அங்க வைக்கச் சொல்றேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாகம் பிரிச்சதுல கிணறு எங்களுக்கு வந்துடுச்சு. கொழுந்தனார் போர் போட்டே கையில இருந்ததெல்லாம் கரைச்சுட்டார். இந்தப் பூவுக்குப் பெட்டி வைக்க வழியில்லை. பூ உதிர்ந்து காய் இல்லாமப் போச்சுன்னா, தோட்டத்தை வித்துட்டு எங்கயாவது போயிடுவேன்னு ஓர்ப்படிகிட்ட சொல்லிட்டு இருக்காராம். குடுத்தா அவர் வாங்க மாட்டார், இவர் குடுக்கவும் மாட்டார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மூக்கு மேலதான் கோபம்."

"சாருக்கு விஷயம் தெரிஞ்சுட்டா?"

"அவருக்கு எங்க தெரியப்போகுது? ஒண்ணா இருந்தப்ப தேனீ சமாச்சாரம் எல்லாம் கொழுந்தனார்தான் பார்த்துப்பார். இவருக்குத் தேனீன்னா கொட்டும், அவ்வளவுதான்."

கடைக்காரருக்கு அந்த அம்மாள் மேல் பெரிய மரியாதை வந்தது. அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலும் கூடிப்போனது. கூடப்பிறந்தவன் தோட்டத்தையே விற்கிற நிலைமையில் இருக்கிறான், இந்த ஆள் பெட்டிக்குத் திசை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தார். "வண்டியில பாதிதான் ஏறும். மிச்சத்தை நீங்களே அனுப்பிடுங்க. நீ போய் உட்காரு, ரசீது வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் வெளியே போனாள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை அவர் காத்திருந்தார். பிறகு மேஜைமேல் சாய்ந்தார்.

"எட்டு பத்தாது. பன்னெண்டா அனுப்பிடுங்க."

"ஆறே தாராளம்னு சொன்னேனே சார்."

"எனக்கு ஆறு போதும். அவனுக்கு மரம் ஜாஸ்தி."

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப... வாசல்?"

"தேனீ என்ன வாசலைப் பார்த்தா பறக்குது? இத்தனை வருஷமா அவன் பெட்டியை ஒரு பக்கம் தூக்கும்போது, மறுபக்கம் தூக்கினது யாருன்னு நினைச்சீங்க?" என்றவர், கண்ணாடி வழியாக வண்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பெட்டி ஏன் கூடுதலா வந்துதுன்னு அவ கேட்டா, நீங்க தப்பா அனுப்பிட்டதா சொல்லிக்கங்க. சந்தோஷமா இறக்கி வெச்சுப்பா."

"எதுக்கு சார் இவ்வளவு நாடகம்? அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிட்டா அவங்களும் நிம்மதியா இருப்பாங்களே."

அவர் பதறிப்போனார்.

"ஐயையோ, வாயைத் திறந்துடாதீங்க! அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் அவன்கூடப் பேசியாகணும்!"