‘கால்’ சொன்ன கோபி

மழை விட்ட மதியம், பாகலூர் கம்பெனியின் பழைய ஷெட்டில், பாஸ்கரன் புது ஆள் கோபிக்கு போக்கர் கற்றுக்கொடுத்தான். பந்தயத்துக்கு இரும்பு வாஷர்கள்.

“சீட்டு மட்டம்னா ‘ஃபோல்டு’ன்னு கவுத்துடு. நான் கட்டுன அளவு நீயும் கட்டுனா ‘கால்’. முக்கியமா, மூஞ்சில எதுவும் தெரியக்கூடாது. சிலையாட்டம் உக்காரணும்.”

கோபி சிலையாகத்தான் உட்கார்ந்திருந்தான். மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

பாஸ்கரன் ஐந்து வாஷர்களைத் தள்ளினான்.

“கால்...” என்றான் கோபி, உதடு பிரியாமல்.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த திம்மப்பன் கோபியின் வாஷர்களை அவனுக்காகத் தள்ளிவிட்டு, தன் சீட்டைக் கவிழ்த்தான்.

அடுத்த சுற்றில் பாஸ்கரன் பத்து கட்டினான்.

“கால்ண்ணா... கால்...”

“ஒரு தடவ சொன்னாப் போதும்டா.” பாஸ்கரன் அவன் முகத்தையே பார்த்தான். இமைகூட அசையவில்லை. பெரிய சீட்டுதான் என்று பயந்து, மேற்கொண்டு கட்டாமல் தானும் கவிழ்த்தான்.

ஆனாலும் மனசு கேட்காமல் கோபியின் சீட்டைப் புரட்டினான். இரண்டும் ஏழும். போக்கரில் அதைவிட மட்டமான சீட்டு இல்லை.

“இத வச்சுக்கிட்டா கால் கால்னு சொன்ன?”

“ஆட்டத்தச் சொல்லலண்ணா.” கோபியின் குரல் வெறும் காற்றாக வந்தது. “என் காலச் சொன்னேன். பாம்பு முட்டி வரைக்கும் ஏறிடுச்சு.”